புத்தளத்து முத்தும் ஐரோப்பிய மோதிரமும்

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் புறப்பட்ட மரக்கலம் ஒன்று, காற்று திசை மாற்றியதால் இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கியது. அதில் இருந்தவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. தாம் இறங்கிய ஊரைப் 'பத்தாளா' என்று அவர் குறித்து வைத்தார். அது இன்றைய புத்தளம். மர மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அந்த ஊரில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது. அயல்நாட்டுக் கதைகளைக் கேட்பதில் ஆசையும் இருந்தது. பதூதா அவன் முன்னே அமர்ந்திருந்த ஒரு நாளில், சலாபம் என்னும் முத்துக்குளிப்பில் எடுத்த முத்துகள் வந்து குவிந்தன. ஊழியர்கள் அவற்றைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் பக்கத்தில் முத்துக்குளிப்பைப் பார்த்திருக்கிறீர்களா என்று அரசன் கேட்டான். பாரசீக வளைகுடாவில் பார்த்திருப்பதாகப் பதூதா சொன்னார். அரசன் சில முத்துகளை எடுத்துக் காட்டி, இவற்றுக்கு இணையானவை அங்கே உண்டா என்று கேட்டான். இல்லை என்ற பதிலில் மகிழ்ந்து, அந்த முத்துகளை விருந்தாளிக்கே கொடுத்துவிட்டான். அதே அரசனிடம் உள்ளங்கை அளவில் மாணிக்கத்தில் கடைந்த கிண்ணம் ஒன்றையும், அதில் அகில் எண்ணெய் இருந்ததையும் கண்டதாகப் பதூதா எழுதுகிறார்.

புத்தளம் களப்புக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது கற்பிட்டித் தீபகற்பம். அதன் கடல்பக்க ஓரத்தில் இருக்கிறது கண்டக்குழி. இன்று அது மீன்பிடி ஊர். டொல்பின் பார்க்கவும் காற்றுப் பட்டம் கட்டி அலைமேல் சறுக்கவும் வெளிநாட்டார் வந்து போகும் இடம். கடலுக்குள்ளே பவளப்பாறைத் திட்டுகள் இருக்கின்றன; வடக்கே காரைதீவுப் பார் தொடங்கி மன்னார் வரை முத்துச்சிப்பி விளைந்த பார்கள் பரந்து கிடந்தன. இடைக்கால ஐரோப்பிய நகைகளைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் பரிஸ், கொலோன், வெனிஸ் நகரங்களின் பொற்கொல்லர் பட்டறையிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன. அது பாதிக் கதை. பட்டறை மேசைக்கு வந்த கல்லும் முத்தும் எங்கிருந்து வந்தன, அவற்றை எடுத்தவர்களுக்கு அவை என்னவாக இருந்தன என்பது மற்றப் பாதி. அந்தப் பாதியை எழுத வேண்டுமானால் இந்தக் கரைக்கு வந்தாக வேண்டும்.

பதூதாவுக்கு அரை நூற்றாண்டு முந்தியே மார்க்கோ போலோ இந்தக் கடலை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திவிட்டார். ஏப்ரல் தொடக்கம் மே நடுப்பகுதி வரை சலாபம் நடக்கும்; படகுகள் முதலில் 'பெத்தலார்' என்னும் இடத்துக்குப் போய், அங்கிருந்து வளைகுடாவுக்குள் 60 மைல் செல்லும் என்கிறார். போலோவின் நூலுக்கு விரிவான உரை எழுதிய ஹென்றி யூல் அந்தப் பெத்தலாரைப் புத்தளம் என்றே கொண்டார். முத்துக்குளிப்பவர்கள் 4 முதல் 12 பாகம் ஆழம் வரை மூழ்குவார்கள். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போகும். இருபதில் ஒரு பங்கு வேறொருவருக்குப் போகும்: சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுந்தான் செல்லும். இரவில் கள்ளத்தனமாக யாரும் மூழ்கிவிடாதபடி மாலையில் அதை அவிழ்த்துவிடுவாராம். நம்பிக்கையையே காவற்காரனாக வைத்த ஏற்பாடு இது. தமிழ்க் கரையில் இவருக்குக் கடல்கட்டி என்று பெயர். ஆறு நூற்றாண்டு கழித்தும் பிரித்தானிய அதிகாரிகள் இவரை விலக்கத் துணியவில்லை. கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கரையிலிருந்து பொருள் மேற்கே போனது போலோ காலத்தில் தொடங்கியதல்ல. பரிஸ் அருகே சான் தெனி தேவாலயத்தின் தரைக்குக் கீழே 1959இல் ஒரு கற்பேழை திறக்கப்பட்டது. உள்ளே ஆறாம் நூற்றாண்டுப் பிராங்கிய அரசி அரெகுண்ட் கிடந்தார். விரலில் அவர் பெயர் பொறித்த மோதிரம், உடையில் சிவப்புக் கல் பதித்த ஊசிகள். அக்கால ஐரோப்பிய நகையின் தனி அடையாளம் இந்தச் சிவப்புக் கல்தான். கருஞ்சிவப்புக் கல்லை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தகடாக அறுத்து, பொன் கட்டங்களுக்குள் ஒவ்வொன்றாக இறக்குவார்கள். தகட்டின் அடியில் சின்னச் சின்னச் சதுரக் கோடுகள் அழுத்திய பொற்தாள் ஒன்றை விரிப்பார்கள். மேலிருந்து விழும் ஒளி அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்பி வருவதால் கல் உள்ளிருந்தே கனல்வது போலத் தெரியும். லூவர் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடம் சான் தெனிக் கல்லறைகளில் கிடைத்த இத்தகைய கற்களைத் துகள்முடுக்கியால் ஆராய்ந்தது. பழையவற்றில் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் எடுத்தவை என்று தெரிந்தது. ஏழாம் நூற்றாண்டில் கடல்வழி வரத்துக் குறைந்தபோது பொஹீமியாவின் சிறு கற்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஒரு பிராங்கிய அரசியின் நெஞ்சில் இருந்த ஊசிக்கு இந்துமாக்கடலின் பருவக்காற்று தேவைப்பட்டிருக்கிறது.

இன்னும் தெளிவான சான்று சார்லமேன் பேரரசனின் பெயரால் அழைக்கப்படும் தாயத்து. இரண்டு பெரிய கற்களை முதுகுக்கு முதுகாக வைத்து, சுற்றிலும் பொன்னும் முத்தும் வண்ணக் கற்களும் கட்டிய பதக்கம் அது. புனிதப் பண்டம் ஒன்றை உள்ளே வைத்து அணிவதற்காகச் செய்தது. ஆகன் நகரம் அதை 1804இல் நெப்போலியனின் மனைவி ஜோசப்பினுக்குக் கொடுத்தது. இன்று பிரான்சின் ரான்ஸ் நகரத்துக்குரியது. அண்மை ஆண்டுகளில் இரத்தினவியலாளர்கள் அதைக் கருவிகளோடு அணுகி ஆராய்ந்தார்கள். முன்பக்கக் கல் நீலக் கண்ணாடி. பின்பக்கத்தில் இருப்பது ஏறத்தாழ 190 கரட் நீலக்கல், இலங்கையில் பிறந்தது.

நீலக்கல்லுக்கு ஐரோப்பா கொடுத்த பொருள் வானம், அதன் வழியே விண்ணகம். ரென் நகரத்து ஆயர் மார்போட் பதினோராம் நூற்றாண்டில் கற்களின் குணங்களைப் பற்றி இலத்தீனில் ஒரு செய்யுள் நூல் இயற்றினார். இடைக்காலத்தில் பலமுறை படியெடுத்துப் பரப்பிய நூல் அது. நீலக்கல் அரசர் விரலுக்கு உரியது, பொறாமையைத் தடுக்கும், சிறைக்கதவைத் திறக்கும், உடற்சூட்டைத் தணிக்கும் என்று அடுக்கிய மார்போட், அணிபவர் கற்போடு இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார். ஆயர்களின் மோதிரத்தில் நீலக்கல் பதிப்பது வழக்கமாயிற்று. 1968இல் யோர்க் பேராலயத்தில் 1255இல் இறந்த பேராயர் வால்டர் டி கிரேயின் கல்லறையைத் திறந்தபோது அவருடன் நீலக்கல் மோதிரமும் கிடைத்தது.

அதே கல்லுக்கு நம் பக்கத்தில் என்ன பொருள்? சனியின் கல். எல்லோருக்கும் ஒத்துவராது, ஒத்துவந்தால் தூக்கிவிடும், வராவிட்டால் குடியைக் கெடுக்கும் என்ற அச்சம் இன்றும் உண்டு. தலையணையின் கீழ் சில இரவு வைத்துக் கனவைப் பார்த்த பிறகே மோதிரத்தில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே மண்ணில் தோண்டியெடுத்த கல் ஒரு கரையில் ஆயரின் கற்புக்குச் சாட்சி, மறு கரையில் கிரகத்தின் கண். இதைப் பார்க்கும்போது, எது சரியான பொருள் என்று கேட்பது வீண் வேலை என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு இடத்திலும் கல்லை அழகுக்காக மட்டும் அணியவில்லை. அது அணிபவரைச் சோதித்தது. தகுதி இல்லாதவரிடம் தங்காது என்ற எண்ணம் இரு கரைக்கும் பொது.

முத்து விடயத்தில் ஒற்றுமை இன்னும் நெருக்கம். சிப்பி விடியற்காலையில் கடல்மேல் வந்து வாய்திறந்து வானத்துப் பனித்துளியை வாங்கி முத்தாக்குகிறது என்பது இடைக்கால ஐரோப்பாவின் விலங்கு நூல்கள் சொன்ன கதை. ஆணின் தொடர்பின்றிக் கருவுற்றது என்பதால் முத்து கன்னி மரியாளுக்கும் கிறிஸ்துவுக்கும் அடையாளமானது. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகும் என்பது நாம் வழிவழியாகக் கேட்டது. சிப்பி கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடப்பது. மேலே வந்து வாய்திறக்க அதற்கு வழியே இல்லை. முத்துக்குளிப்பவர்களுக்கு இது கண்ணால் கண்ட செய்தி. ஐரோப்பிய மடத்தில் நூலைப் படியெடுத்த துறவிக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. 1902இல் இலங்கை அரசு அழைத்து வந்த பேராசிரியர் ஹேர்ட்மன் மன்னார்ப் பார்களை ஆராய்ந்து, சிப்பிக்குள் நுழையும் ஒட்டுண்ணிப் புழுவைச் சுற்றியே நல்ல முத்து வளர்கிறது என்று வாதிட்டார். முத்தை மருந்தாகவும் ஐரோப்பா நம்பியது. 1492இல் மரணப் படுக்கையில் கிடந்த புளோரன்சின் லொரன்சோ தெ மெடிச்சிக்கு மருத்துவர் முத்தையும் மணிகளையும் அரைத்துக் கொடுத்தார். அவர் பிழைக்கவில்லை.

ஐரோப்பியர் முத்துக்குப் பொருள் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே அதை அளந்துகொண்டிருந்தார்கள். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் இராசராசன் கொடுத்த நகைகளின் பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் முத்து வெறும் முத்தாக வருவதில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று உருவும் நிறமும் பார்த்துப் பிரித்து, எண்ணி, எடையிட்டு எழுதியிருக்கிறார்கள். பொன்னை நிறுத்தது எந்த எடைக்கல்லால் என்பதுகூட அங்கே உண்டு. மன்னார்ச் சலாபத்தில் பிற்காலம்வரை இந்த நுணுக்கம் தொடர்ந்தது. பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். முதல் சல்லடைக்கு 20 துளை, அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800; கடைசியில் 1000. துளை பெருகப் பெருக அளவு சிறுக்கும். முதல் சல்லடையில் தங்கியதை ஓர் ஓரமாக வைத்து, விழுந்ததை அடுத்ததில் சலித்து, அதில் விழுந்ததை அதற்கடுத்ததில். பிறகு கையாலும் கண்ணாலும் தரம் பார்க்க வேண்டும்: குறையற்ற உருண்டை ஆணி, அதற்குக் கீழே களிப்பு, குறுவல், பீசல், வடிவு என்று இறங்கி, கடைசியில் தூள். பதூதா புத்தளத்தில் கண்ட ஊழியர்களின் கைகளும் இப்படி ஒரு வேலையில்தான் ஈடுபட்டிருந்திருக்கும்.

இந்தச் சல்லடைகளுக்கு முத்தைக் கொண்டுவந்தவனின் வேலை வேறு. காலில் கல்லைக் கட்டி இறங்குவான். இடுப்பில் கூடை. மூச்சு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடத் தாங்கும். படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அசைவை உணர்ந்து இழுக்க வேண்டும். தாமதித்தால் முடிந்தது கதை. தூத்துக்குடிப் பக்கத்தில் அந்தக் கயிற்றை மைத்துனனிடந்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. அக்காளோ தங்கையோ தாலியோடு இருக்க வேண்டும் என்ற கவலை அவனுக்கு மற்றெவரையும்விட அதிகம். பிரித்தானியர் காலத்துச் சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அந்த ஒரு பங்கும் கரையேறிய உடனே வியாபாரியிடம் போய்விடும். ஆணிமுத்து எடுத்தவன் வீட்டில் ஆணிமுத்து தங்கியதாகக் கேள்வியில்லை.

நகை யாருடைய உடம்பில் இருக்கலாம் என்பதைச் சட்டமே சொன்ன காலமும் உண்டு. 1294இல் பிரான்சின் நான்காம் பிலிப், நகரத்து வணிகக் குடியினர் பொன்னும் மணிக்கற்களும் அணியக்கூடாது என்று ஆணையிட்டான். இங்கிலாந்தில் 1363இல் வந்த சட்டம் கைவினைஞரும் சிறு உழவரும் பொன் வெள்ளி நகை அணிவதைத் தடுத்தது. காசு சேர்த்துவிட்ட வணிகனைப் பிரபுவிலிருந்து பிரித்துக்காட்ட வேறு வழி தெரியாத ஆளும் வகுப்பின் பதற்றம் இது. ஐரோப்பாவின் பழைய கொடுமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். அவற்றில் முதலாவது, பொன்னிலும் வெள்ளியிலும் நகை அணியக்கூடாது என்பது. மீறிய குடிசைகள் எரிக்கப்பட்டன. ஐரோப்பியத் தடைகள் நடைமுறையில் விரைவில் தளர்ந்தன. இங்கே இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு சோடித் தோட்டுக்காக வீடு எரிந்தது. நகையின் பொருளைப் பற்றி எழுதுகிறவர் இதைச் சொல்லாமல் போனால், அவர் எழுதுவது நகைக்கடை விளம்பரம்.

இந்தக் கடலின் வரலாற்றையே ஒரு கடுக்கன் திருப்பியிருக்கிறது. 1530களில் தூத்துக்குடியில் பரதவர் ஒருவருக்கும் முஸ்லிம் வணிகர் ஒருவருக்கும் சண்டை மூண்டு, பரதவரின் காதில் இருந்த அணியை மற்றவர் காதோடு பிய்த்துவிட்டார் என்று யேசு சபையினரின் பழைய குறிப்புகள் கூறுகின்றன. நீண்ட துளைக் காதும் அதில் தொங்கும் பொன்னும் பரதவ ஆணின் மானம். காது அறுந்தது என்றால் குலம் அவமானப்பட்டது என்று பொருள். சண்டை கலவரமாயிற்று. முத்துப் பார்களின் உரிமை யாருக்கு என்ற பழைய பகை அதற்கடியில் கனன்றுகொண்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கேயரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஓரிரு ஆண்டில் முத்துக்குளித்துறை முழுதும் திருமுழுக்குப் பெற்றது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். கத்தோலிக்கம் பிறகு மன்னார், புத்தளக் கரைகளிலும் வேரூன்றியது. இன்று கற்பிட்டித் தீபகற்பத்தில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு மார்ச்சிலும் ஓகஸ்டிலும் கூட்டம் திரள்கிறது.

மதம் மாறியவர்களின் கழுத்தில் தாலி என்னவாயிற்று? ஐரோப்பாவில் திருமணத்தின் அடையாளம் மோதிரம். இரு கைகள் பற்றிக்கொண்டிருப்பது போலச் செய்த மோதிரங்கள் இடைக்காலத்தில் பரவலாக இருந்தன. திருச்சபையின் தலைவருக்கே ஒரு மோதிரம் உண்டு: படகிலிருந்து வலைவீசும் பேதுருவின் உருவம் பொறித்த மீனவர் மோதிரம். 1265இல் திருத்தந்தை நான்காம் கிளெமெந்து எழுதிய கடிதத்தில் அதைப் பற்றிய குறிப்பு வருகிறது. திருத்தந்தையின் முத்திரையாக இருந்த அதை அவர் இறந்ததும் உடைத்துவிடுவார்கள். கரையோரத்து மீனவப் பெண் இந்த உலகத்துக்குள் நுழைந்தபோது மோதிரத்தை ஏற்றுக்கொண்டாள், தாலியை விடவில்லை. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், அடுத்த ஆண்டு, பிள்ளையார் உருவம் கொண்ட தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக்கூடாது என்று ஆணை பிறப்பித்தார். மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிற்றையும் விலக்கினார். அதற்குப் பதிலாகச் சிலுவையோ இயேசு, மரியாள் உருவமோ பொறித்த தாலியை அணியலாம் என்றார். உரோமைக்கும் மறைப்பணியாளர்களுக்கும் இடையே இந்த வழக்கு 1744வரை இழுபட்டது. முடிவில் உருவம் மாறியது, தாலி இருந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரின் தாலியில் பரிசுத்த ஆவியைக் குறிக்கும் புறாவைக் காணலாம். ஐரோப்பியத் திருச்சபை நம் நகைக்குப் பொருள் எழுத வந்து, பாதியை மட்டுமே எழுதிவிட்டுப் போனது.

கண்டக்குழிக் கரையில் நகைக்கு இருக்கும் இன்னொரு பொருளை எந்த இறையியலும் எழுதவில்லை. சோளகக் காற்று வீசத் தொடங்கினால், மே முதல் செப்ரெம்பர் வரை, மேற்குக் கடல் கொந்தளிக்கும். தொழில் ஒடுங்கும் மாதங்களில் காப்பும் சங்கிலியும் அடைவுக்குப் போவதும், வாடையில் கடல் அடங்கி மீன் பட்டதும் அவை மீண்டு வருவதும் மேற்குக்கரை மீனவக் குடும்பங்களுக்குப் பழக்கமான கணக்கு. அரச வங்கிகளே நகை அடைவு பிடிக்கும் நாடு இது. இதைத் தாழ்வாகப் பார்க்கிறவர்கள் ஐரோப்பாவின் அரச குடும்பங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் போர்ச் செலவுக்காக 1339இல் தன் பெருமுடியைத் திரியர் பேராயரிடம் ஈடு வைத்தான். கொன்ஸ்தாந்தினோப்பிளின் பேரரசன் இரண்டாம் பால்ட்வின் காலத்தில், கிறிஸ்துவின் முள்முடி என்று வணங்கிய புனிதப் பொருளே வெனிஸ் வணிகரிடம் அடகாய்க் கிடந்தது. பிரான்சின் ஒன்பதாம் லூயி கடனைக் கட்டி 1239இல் அதை மீட்டு, அதற்காகவே பரிஸில் ஒரு தேவாலயம் எழுப்பினான். ஏழைகள் கடும் வட்டியில் அழிவதைக் கண்ட பிரான்சிஸ்கன் துறவிகள் 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் குறைந்த வட்டிக்கு அடகு பிடிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது மற்ற நகரங்களுக்கும் பரவியது.

எட்வர்ட் முடியை முழுதாகவே ஈடு வைத்தான். நம் பெண்கள் அப்படிச் செய்வதில்லை. பொற்கொடி அடைவுக்குப் போகும்போது தாலியை மட்டும் கழற்றி, மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். பவுண் கணக்கில் கொடி பெரிது, தாலி சிறிது. வங்கியின் தராசு கொடியைத்தான் நிறுக்கும்.